சாமியாருக்கு நாங்கள் கொடுத்த ஓய்வு

ஒருவருக்கு உதவப் போகிறோம் என்று குழு அமைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதிலும் அந்தக் குழுவின் செயலாளரை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. அந்தச் செயலாளர் நான்தான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாருக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. "நல்லா தூங்கலேன்னா ஆஸ்பத்திரியில வந்துதான் தூங்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! விடிகாலைப் பூசையிலிருந்து புது வீடு மந்திரிக்கும் ஜெபம்வரை அவர் ஒருவரே அலைகிறார்; நாமோ பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் நீளம் என்று குறை சொல்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து அத்தனை பேரையும் விளாசினேன். அங்கேயே 'பங்குத்தந்தை ஓய்வுக் குழு' பிறந்தது.

வாரத்தில் அவருக்கு ஓய்வு திங்கட்கிழமை மட்டும். எங்கள் குழு எப்போது கூடியது தெரியுமா? திங்கட்கிழமை மதியம். எங்கே? அவர் வீட்டுக் கூடத்தில். (எல்லோருக்கும் வசதியான இடமாம்!) சாமியார் ஜெபம் சொல்லாமல் கூட்டத்தைத் தொடங்கலாமா? அவரையே எழுப்பினோம். அவர் எப்படி ஓய்வெடுக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு அவரும் தலையாட்டினார்.

நாலாவது திங்கட்கிழமை ஆளைக் காணோம். அறை திறந்து கிடக்கிறது, செருப்பு வாசலில், போன் மேசைமேல். ரத்த அழுத்தக்காரர், எங்கே விழுந்து கிடக்கிறாரோ! ஆட்களைக் கூட்டலாம் என்று ஓடிப்போய்க் கோயில் மணிக் கயிற்றை இழுத்தேன். பழக்கமில்லாத கை. ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. அப்படி அடித்தால் அது சாவு மணி என்பது எங்கள் பங்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்து தொலைத்தது.

பத்தே நிமிடத்தில் கோயில் நிறைந்தது. "யாருப்பா செத்தது?" என்றவரிடம் "நம்ம சாமியாரு..." என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் விம்மிவிட்டேன். அது போதாதா? ஒருவர் மாலையோடு வந்துவிட்டார். பெண்கள் மரித்தோருக்கான ஜெபத்தைத் தொடங்கினார்கள். என் மனைவி பிலோமினா வாய்விட்டு அழுதாள்.

அப்போது, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரை விலகியது. கன்னத்தில் மரச்சட்டத்தின் தடத்தோடு சாமியார் வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரோக்கியம், இந்தக் கோயில்லயே நீங்க யாரும் எட்டிப் பாக்காத எடம் இது ஒண்ணுதான்னு வந்து ஒக்காந்தேன். இங்கயும் தூங்க உட மாட்டீங்களா?"

"மன்னிச்சிடுங்க சாமி. உங்களுக்கு நாங்க என்னாதான் செய்யணும்?"

"இத்தினி நாள்ல இப்பத்தான் கேக்குறீங்க. ஞாயித்துக்கெழம புள்ளைங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நீங்க எடுங்க. திங்கக்கெழம யாரும் வராதீங்க. அவ்ளோதான்."

குழு அன்றே கலைந்தது. சாமியார் இப்போது நன்றாகத் தூங்குகிறார். மறைக்கல்வியை நான் எடுக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையையும் இப்போது நான்தான் எடுக்கிறேன்.

வீட்டில்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. பிலோமினா இடுப்பு வலி என்று படுத்திருக்கும்போது, "நீ ரெஸ்ட் எடு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால் போதும், பதறி எழுந்துவிடுவாள்.

"வேணாங்க. நீங்க மணி அடிச்சிடப் போறீங்க!"