ஸ்பனர் பெட்டிக்குள் தனுசியா

இந்தத் தவக்காலத்தில் என் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் காதல் கதை கூடாது. சட்டம் போட்டவன் நான், கிறிஸ்ரோபர், குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். எஞ்சின்கள் என் சொல் கேட்கும். வீட்டிலும் எப்போதாவது முயன்று பார்ப்பதுண்டு.

காரணம் மகள் ஷெரோன். உயர்தரம் படிக்கிற பிள்ளை, ஒரு நாவலை மடியில் வைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பறித்தேன். வகுப்பே வாசித்து, கட்டு விட்டு, தாள் தாளாகக் கழன்ற இரவல் புத்தகம்.

"மேர்சி, உந்தப் புத்தகத்தை நான் பூட்டி வைக்கிறன்."

"வையுங்கோ," என்றாள் மனைவி. "பிறகு நீங்கள் இருந்து வாசிக்கப்படாது."

"நானோ? என்ரை வயசுக்கோ?"

வீட்டோடு ஒட்டிய பட்டறையில் ஸ்பனர் பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் எதற்காகப் பறித்தோம் என்று ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு பக்கம் பார்த்தேன். பிறகு நாற்பது.

கதையில், கரவெட்டியில் ரியூசனில் சந்தித்த தனுசியாவும் பிரகலாதனும். ஒரு தரம்கூடக் கை தொட்டதில்லை. அவன் குடும்பத்தோடு கனடா போகிறான். சைக்கிளை அவளிடம் விட்டு, "வருவன்" என்கிறான். இரண்டு வருடமாகிறது. ஞாயிறு தோறும் அவள் அந்தச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறாள். ஏறி ஓடுவதில்லை. காற்று மட்டும் அடிக்கிறாள்.

ஓடாத வண்டியின் ரியூப் என்ன ஆகும் என்று எனக்கல்லவா தெரியும்! திருத்த வந்த எஞ்சினைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

வாசல் படலையில் யாரோ கூப்பிடுகிறார்கள், தனுசியா காற்றடிக்கிற பம்மைப் போட்டுவிட்டு ஓடுகிறாள் என்ற இடத்தில் கோயில் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை. பெட்டியைப் பூட்டவும் மறந்து ஓடினேன்.

நாலாம் தலம். ஆண்டவர் தாயைச் சந்திக்கிறார். எனக்கோ படலைக்கு வந்தது யார் என்ற நினைப்பு. விம்மி வெடித்துவிட்டேன். சுவாமியார் செபத்தை நிறுத்திப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அடைக்கலநாதன் அண்ணை கண் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தார்.

கஞ்சி காய்ச்ச வீட்டில் நின்ற மேர்சியிடம், பக்கத்து வீட்டு லூர்த்தம்மா எனக்கு முன்னமே ஓடிப்போய்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உன்ரை மனுசன் புனிதரடி! என்ன அழுகை!"

"ஓமக்கா, நெஞ்சு இளகின மனுசன்," என்றாள் மேர்சி, என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால், கடைசிப் பன்னிரண்டு தாளைக் காணோம். பட்டறையைத் தலைகீழாக்கினேன். யாரிடம் கேட்பது? கேட்டால் புனிதர் பட்டம் போய்விடும். மூன்று நாள் தாங்கினேன். எண்ணெய் ஊற்ற வேண்டிய எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் சாப்பாட்டில் மெல்லத் தொடங்கினேன்.

"மேர்சி, உது இரவல் புத்தகமல்லோ. தாளெல்லாம் சரியாக் கிடக்கோ எண்டு..."

"பூட்டின பெட்டிக்குள்ளை கிடக்கிறது எங்கை போகும்?"

"இல்லை, கடைசிப் பக்கங்கள்..."

"வாசிக்காத ஆளுக்குக் கடைசிப் பக்கம் என்னத்துக்கு?"

எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் என் கிறீஸ் விரல் அடையாளம். சைக்கிள் பக்கத்தில் ஐந்து விரலும்.

மானம் போனது போகட்டும். "படலைக்கு வந்தது பிரகலாதனோ? அதை மட்டும் சொல்லு மேர்சி," என்றேன்.

"தாள் என்னட்டைப் பத்திரமாக் கிடக்கு. நானும் ஷெரோனும் வாசிச்சு முடிச்சிட்டம்." என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். "உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிய வாங்கோ, தாறன். தவக்காலத்திலை காதல் கதை கூடாதெண்டு இந்த வீட்டிலை ஒரு புனிதர் சட்டம் போட்டவர்."