பாய்க்கு விழுந்த அடி

"எவன் எழுதினான் இதை?"

உடற்பயிற்சிக் கூடத்துக் கதவிலிருந்து கிழித்த அறிவிப்பைக் கசக்கிக்கொண்டே இசோகாய் உள்ளே நுழைந்தார். 'கெண்டோக்காரர்கள் அடிப்பார்கள். நாங்கள் வெட்டுவோம். புதியவர்கள் சேரலாம்.' முப்பத்தெட்டு வருடம் மூங்கில் வாள் பிடித்துக் கெண்டோ கற்றுக்கொடுத்தவருக்கு அது செருப்படி. பின்னாலேயே அவர் மனைவி சாயோ வந்தாள்.

"எங்க சென்செய் எழுதினதுங்க," என்றார் கனேமாரு. ஊர் முடிதிருத்துநர், நனைத்த பாயை வெட்டிப் பழகும் வாள்வெட்டு வகுப்பின் மூத்த மாணவர்.

"அந்த ஆள்கிட்ட சொல்லு. பாயை நான் ரெண்டாக்கலேன்னா, அவர் காலடியில மாணவனா உக்கார்றேன்!"

நனைத்துச் சுருட்டிய கோரைப்பாயை முளையில் செருகிவிட்டு, கனேமாரு நிஜ வாளை நீட்டினார்.

"மென்!"

தலைக்கு அடி என்று அறிவிக்கும் இசோகாயின் கூவல். கூடம் அதிர்ந்தது. வாள் பாய்க்குள் இரண்டு விரல் ஆழம் போய் நின்றது. பட்டதும் பிடியை இறுக்கி வாளை நிறுத்துவது அவர் கைகளுக்கு ஊறிப்போன பழக்கம்.

"பாய் சரியா ஊறலை!"

"சென்செய், இன்னொண்ணு வைக்கட்டுமா?"

ஆசானை அப்படித்தான் அழைப்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. "வை! நல்லா நனைச்சு வை!"

இம்முறை முழுப் பலத்தோடு அடித்தார். சொட்டச் சொட்ட நனைந்த பாய் முளையோடு சாய்ந்து, அவர் முழங்கால் வரை தண்ணீரை வாரியிறைத்தது.

"ஏங்க, பட்டதும் நிறுத்தாம, கீழ வரைக்கும் இழுத்து விடுங்களேன்," என்றாள் சாயோ.

"உன்னைக் கேட்டேனா? இது என்ன முள்ளங்கி நறுக்குற வேலையா?"

கனேமாரு சாய்ந்த முளையை நிமிர்த்தினார்.

"சென்செய், முளையைக் கட்டிடலாமா?"

"கட்டு!"

கயிறு இல்லை. இசோகாய் தம் இடுப்புப் பட்டையையே அவிழ்த்துக் கொடுத்தார். வாளை ஓங்கியதும் கால்சராய் நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தார். வாள் வளைந்து பாயிலேயே சிக்கிக்கொண்டது. இழுத்தார்; வரவில்லை. உதைத்தார், கால்தான் வலித்தது.

பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சென்செய், இன்னிக்கு இது போதுமா?"

"போதாது! நான் சொல்ற வரைக்கும் வச்சுக்கிட்டே இரு!"

கனேமாரு பணிவாகக் குனிந்தார்.

"மன்னிக்கணுங்க. நீங்க வந்ததிலேர்ந்து நான் 'சென்செய்'னு கேட்டதெல்லாம் உங்களை இல்லை, உங்க வீட்டம்மாவை."