கைப்பிடி ஒட்டு உயர்மட்டக் குழு

உலகத்தில் எத்தனையோ குழுக்கள் கூடியிருக்கின்றன. போர்களை நிறுத்தியவை உண்டு, எல்லைகளைப் பிரித்தவை உண்டு. ஆனால் ஒரு கைத்துப்பாக்கியின் கைப்பிடியிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்த மரத்துண்டை எந்தப் பசையால் ஒட்டுவது என்று நான்கு முறை கூடிய பெருமை எங்கள் 'கைப்பிடி ஒட்டு உயர்மட்டக் குழு'வுக்கு மட்டுமே உரியது. அதன் குறிப்புகளை எழுதியவன் அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடையது காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனம். துப்பாக்கிகள் கீழ்த்தளத்தில் ஒற்றை ஜன்னல் வைத்த ஆயுத அறையில் இருக்கும். அதன் வாசலில் என் மேஜை, மேஜைமேல் பதிவேடு. துப்பாக்கியைத் தொடுகிறவர் முதலில் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து யாருடையதோ அவரே துப்பாக்கிக்குப் பொறுப்பு. என் பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்தாலும் இந்த விதி எனக்கு மறக்காது.

கைப்பிடி பெயர்ந்தது முன்வாசல் காவலாளியின் துப்பாக்கியில். சுடும்போது மரத்துண்டு உள்ளங்கைக்குள் நகர்ந்து, குறி தவறி, மனிதர் இரண்டு தேர்வுகளில் தோற்றுவிட்டார். மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை மாலை.

"அண்ணே, இதுலயும் போச்சுன்னா ஊருக்கு வெளிய இருக்கிற குடோனுக்கு மாத்திடுவாங்க. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. வீட்டுக்காரிக்குப் பகல்ல ஆஸ்பத்திரி டூட்டி. மத்தியானம் நான்தான் ஓடிப்போய் சாப்பாடு போட்டுட்டு வரேன்."

"கவலையே படாதீங்க. குழு போட்டாச்சு" என்றேன். அவர் முகம் ஏனோ வாடிப்போயிற்று.

முதல் கூட்டத்துக்குத் துப்பாக்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றபடியே பேசினார்.

"மொதல்ல அங்க ஊறியிருக்கிற எண்ணெயை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். உப்புத்தாளால லேசா தேய்க்கணும். ரெண்டு டியூப் பசை வருதே, அதைச் சமமா கலந்து, மெல்லிசா தடவி, இறுக்கிக் கட்டிடணும். ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது. சுத்தமான எடத்துலதான் சார் பசை ஒட்டும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' குழுவை ஆழமாகப் புண்படுத்திவிட்டது. அவ்வளவுதான் என்றால் மீதி மூன்று கூட்டங்கள் எதற்கு? குழுத் தலைவரான துணை மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் காவலாளி உனக்கு என்ன உறவு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் சார்."

"சொந்தக்காரன் துப்பாக்கிக்குச் சொந்தக்காரனே பசை போடறதா? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"துப்பாக்கி கம்பெனியோடது சார்."

"அப்ப இன்னும் மோசம்!"

நடுநிலைமையைக் காக்கும் பொருட்டு மெக்கானிக் வெளியே அனுப்பப்பட்டார். அவர் பேசியதைக் குறிப்பிலிருந்து விட்டுவிடும்படி தலைவர் சைகை காட்டினார். விட்டுவிட்டேன்.

இரண்டாவது கூட்டத்தில் பசையின் நிறம் நிறுவனத்தின் சின்னத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாவதில் பத்தே நொடியில் பிடிக்கும் உடனடிப் பசை ஒன்று 'ஒருமனதாக' வென்றது. அதன் விளம்பரத்தாளில் ஒருவர் பசையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"அது அதிர்ச்சி தாங்காது சார், ரெண்டு குண்டு சுட்டா சில்லு சில்லா விட்டுடும்!" என்று கதவுக்கு வெளியிலிருந்து மெக்கானிக் கத்தினார்.

"வெளிய கேக்கிற சத்தத்தையெல்லாம் எழுதாதே" என்றார் தலைவர். எழுதவில்லை.

நான்காவது கூட்டம் வியாழன் காலை ஆயுத அறையில், செய்முறை விளக்கத்தோடு. காவலாளி பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கையெழுத்திட்டு, குண்டில்லாத துப்பாக்கியை மேஜையில் வைத்து ஒதுங்கினார். துணை மேலாளர் அதைக் கையில் எடுத்தார்.

"சார், கையெழுத்து..."

"ஒட்டிட்டுப் போடறேன்யா. பத்து செகண்டுதானே!"

துடைக்கவில்லை, தேய்க்கவில்லை. முழு டியூபையும் பிதுக்கிக் கைப்பிடியை இறுகப் பற்றினார். குழு வாய்விட்டு எண்ணியது. பத்து என்றதும் மரத்துண்டு எண்ணெயில் வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் உள்ளங்கை மட்டும் துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்கய்யா!"

"துப்பாக்கி வெளிய போகணும்னா உங்க கையெழுத்து வேணும் சார்" என்றேன்.

"கையே இதுல மாட்டியிருக்குய்யா!"

"இடது கையால போட்டா எங்ககிட்ட இருக்கிற மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகாது சார்."

கடைசியில் அதே மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, அரை மணி நேரம் பொறுமையாக விரல் விரலாகப் பிரித்தார். கொஞ்சம் தோல் போயிற்று. பிறகு யாரையும் கேட்காமல் துடைத்து, தேய்த்து, கலந்து, தடவி, கட்டி வைத்தார். மறுநாள் பகலில் கைப்பிடி கல் மாதிரி நின்றது.

ஆனால் வெள்ளிக்கிழமை நடந்தது தேர்வு அல்ல, விசாரணை. உயர் அதிகாரியின் தோல் உரிந்ததற்கு யார் பொறுப்பு? பதிவேட்டைப் பிரித்தார்கள். பசை ஒட்டிய நேரத்துக்கு முன்னால் விழுந்த கடைசிக் கையெழுத்து காவலாளியுடையது.

"அப்ப அந்த நேரம் துப்பாக்கி இவன் கையிலதான் இருந்திருக்கு" என்றார், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த துணை மேலாளர்.

காவலாளி என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? சொல்லுங்கண்ணே."

"பாத்தவங்க கையெழுத்துப் போடறதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லப்பா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் குடோனில் இருக்கிறார். மத்தியானம் அவருடைய அப்பாவுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்க நினைத்தேன். அவர் என்னோடு பேசுவதில்லை. துணை மேலாளருக்கு 'ஒட்டுத் துறையில் ஆற்றிய தியாகத்துக்காக'ப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதன் வாசகமும் என்னுடையதுதான்.

எங்கள் பழி அன்று ஒட்டுவதற்கு ஓர் இடம் தேடியது. துணை மேலாளர் மேல் பட்டது, வழுக்கிவிட்டது. குழு மேல் பட்டது, வழுக்கிவிட்டது. என் மேலும் பட்டு வழுக்கியது. காவலாளி மேல் வைத்ததும் ஒட்டிக்கொண்டது, பத்து நொடிகூட ஆகவில்லை. சுத்தமான இடத்தில்தான் ஒட்டும் என்று மெக்கானிக் முதல் கூட்டத்திலேயே சொன்னார். நான்தான் அதைக் குறிப்பில் எழுதாமல் விட்டேன்.