மாமனார் வருகிற இடம்

சினிமாப் பின்னணி இசைப் பைத்தியம் பிடித்தவனை வீட்டுக்குள் விடக்கூடாது. விட்டாலும் கையில் போனோடு விடக்கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பைத்தியம் நான்தான். என்னை அப்படி உள்ளே விட்ட வீடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறது. இன்றைக்கு அது என் மாமனார் வீடு. அப்படி ஆகாமல் போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பித்தேன்.

அப்போது 'ஏஜென்ட் பூபதி' என்ற உளவாளிப் படத்தின் நாலாம் பாகம் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு பாகங்களுக்கு ஒரு பெரியவர் இசை. மூன்றாவதுக்கு ஒரு சின்னப் பையன். நாலாவதுக்கு யார் என்பதை மாசக் கடைசியில் அறிவிப்போம் என்று சொல்லிவிட்டுத் தயாரிப்பாளர் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், பூமியில் வேறு பிரச்சினையே இல்லாதது போல நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நாங்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் கூடுகிற பின்னணி இசைப் பித்தர்கள். பாட்டெல்லாம் எங்களுக்குத் தூசு. கதாநாயகன் கதவைத் திறக்கும்போது பின்னால் என்ன வாசித்தார்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் தலைவன் மஞ்சுநாத், என் ஆபீஸ் சகா. வீட்டில் கன்னடம் பேசுகிறவன், ஆனால் தமிழ்ப் பட பிஜிஎம்முக்கு உயிரை விடுவான்.

அந்த வாரம் படத்தின் டைரக்டர் ஒரு போட்டோ போட்டிருந்தார். ஒரு மேஜை, ஒரு சில்வர் டம்ளர், அவ்வளவுதான். மஞ்சு அந்த டம்ளரைப் பெரிதாக்கி, அதில் தெரிகிற பிம்பத்தை மேலும் பெரிதாக்கி, சர்ச் கோபுரம் ஒன்றைக் கண்டுபிடித்தான். (அது சீலிங் ஃபேன் என்று ஒருவன் சொன்னான். அவனை வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்கிவிட்டோம்.)

"குரு, நோடு, நல்லா பாரு. இது நம்ம கன்டோன்மென்ட் சர்ச். பக்கா! அப்ப மியூசிக் போடறவரு பெங்களூர் ஆளு. சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவரு. பேர் வெளிய தெரியாதவரு. சஸ்பென்ஸா வச்சிருக்காங்க மச்சா!"

இன்று எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்றைய தினமே மத்தியானம் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. ரீனா வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்க வேண்டும். ரீனாவும் நானும் இரண்டு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தோம். நான் பக்கத்து ஜீவனஹள்ளிக்காரன். "எங்கப்பாகிட்ட முதல்ல நீயே வந்து பேசு சைமன். உங்கப்பா அம்மாவ அப்புறம் கூட்டிட்டு வா. எங்கப்பா சாது. அம்மா ஊர்ல இருக்கிற பையனுங்களையெல்லாம் பார்த்துட்டாங்க, ஒருத்தனும் பிடிக்கல" என்று ரீனா சொல்லியிருந்தாள். அவள் அம்மா பிலோமினா ஆன்டி ஞாயிறு மத்தியானம் மாதா சபைக் கூட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

ரீனா என்னை ஹாலில் உட்காரவைத்து, டீ போட உள்ளே போனாள். ஹாலின் ஒரு மூலையில் ஆன்டியின் தையல் மெஷின். பக்கத்தில், சர்ச்சில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கான வெள்ளை கவுன்கள் தொங்கின. நான் ஜெபம் பண்ணாத குறையாக, பேசவேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மூடியிருந்த அறைக்குள்ளிருந்து அது கேட்டது.

டம்... டம்... என்று கனமாக ஒரு மேளம். அதன் மேல் டகடகடக என்று ஏதோ ஓடுகிறது, ஓடி முடிகிற இடத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம். பிறகு உறுமுகிற மாதிரி ஊதுகுழல்கள். யாரோ ஒருவன் ஆபத்தோடு நடந்து வருகிறான். என் கை தானாகப் போனை எடுத்துப் பதிவு செய்தது. (சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கூட்டத்தில் எவனுக்கும் அது அனிச்சைச் செயல்.)

இசை நின்றது. கதவைத் திறந்துகொண்டு ரீனாவின் அப்பா ஆரோக்கியம் அங்கிள் வந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். ஆர்கன்! மஞ்சுவின் டம்ளர் என் கண்முன் பளபளத்தது.

"அங்கிள்... உள்ள வாசிச்சது நீங்களா?"

மனுஷர் வெலவெலத்துப் போனார். ஜன்னலுக்கு ஓடி, தெருவைப் பார்த்து, திரையை இழுத்துவிட்டார்.

"வெளிய கேட்டுதா தம்பி? ஐயோ, ஹெட்போன் கழண்டிருக்கு போல. மெதுவா பேசுங்க. நான்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ரீனாவுக்குத் தெரியுமா?"

"அது ஓட்டை வாய். இந்த வீட்லயே யாருக்கும் தெரியாது."

"எப்ப அங்கிள் வெளிய வரும்?"

"மாசக் கடைசி. அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது."

மாசக் கடைசி! எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? எதிரே பனியனோடு நிற்கிற மனிதர்தான் ஏஜென்ட் பூபதியின் புது இசையமைப்பாளர். நானோ அவருக்கு மருமகனாகப் போகிறவன். என் கண் கலங்கிவிட்டது.

டீயோடு ரீனா வந்தாள். அங்கிள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னமோ பேசணும்னு ரீனா சொல்லிச்சே தம்பி?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் அவசரமில்ல அங்கிள். நீங்க உங்க வேலையப் பாருங்க. அதுதான் முக்கியம்."

இப்படிச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நான் கிளம்பினேன். பெண் கேட்கப் போனவன் பெண்ணைக் கேட்காமலே வந்த கதை எங்கள் சமூகத்தில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வாசலில் ரீனா பார்த்த பார்வையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

பஸ் ஏறினதும் அந்தத் துண்டு இசையை மஞ்சுவுக்கு அனுப்பினேன். 'உனக்கு மட்டும்' என்று எழுதித்தான் அனுப்பினேன். அவனும் 'உனக்கு மட்டும்' என்று எழுதித்தான் இன்னொருவனுக்கு அனுப்பினான். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அது எங்கே பார்த்தாலும் ஓடியது. ஏஜென்ட் பூபதி நான்கு, லீக் ஆன தீம் மியூசிக்!

ஆராய்ச்சியாளர்கள் அதன் மேல் விழுந்து பிறாண்டினார்கள். "டகடகடக என்பது ஸ்டென்கன் சத்தம், அதை மெதுவாக்கியிருக்கிறார்" என்றான் ஒருவன். "அந்தக் கீச் இருக்கிறதே, அது பழைய ஜெர்மன் சிந்தசைசர், இந்தியாவிலேயே கிடையாது" என்றான் இன்னொருவன். மேளம் ரஷ்ய ராணுவ அணிவகுப்பு என்று தீர்மானமானது. பெரியவர் திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு கோஷ்டியும், சின்னப் பையன் பெரியவனாகிவிட்டான் என்று ஒரு கோஷ்டியும் கெட்ட வார்த்தையில் சண்டை போட்டன. எனக்கு மட்டும் உண்மை தெரியும். ஆபீஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ரீனா போன் பண்ணினாள். குரல் பனிக்கட்டி.

"சைமன், எங்கம்மா துணி எடுக்கப் போயிட்டு ஆட்டோல வந்திருக்காங்க. டிரைவர் போன்ல ஒரு மியூசிக் ஓடிச்சாம். அம்மா 'நிறுத்துப்பா வண்டிய, அது என் மெஷின் சத்தம்'னாங்களாம். அவரு, 'அரே ஆன்டி, இது ஏஜென்ட் பூபதி!'ன்னு சொல்லியிருக்காரு. 'எந்த பூபதியா இருந்தா எனக்கென்ன? அந்தக் கீச் என் மெஷின் கீச்!'னு நடுரோட்ல சண்டை. வீட்டுக்கு வந்து அப்பாவ விசாரிச்சாங்க. அப்பா உன் பேரைச் சொல்லிட்டாரு. ஒழுங்கா சாயங்காலம் வந்து சேரு."

வந்து சேர்ந்தேன். பிலோமினா ஆன்டியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கிள் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நீதானா அது? என் வீட்டுக்குள்ள வந்து திருட்டுத்தனமா ரெக்கார்டு பண்ணிட்டுப் போயிருக்கே?"

"ஆன்டி, அங்கிள் சினிமாவுக்கு மியூசிக் போடறாருன்னு நினைச்சி, பஸ்ல போறப்ப ஒரே ஒரு ஃப்ரெண்டுக்கு மட்டும்..."

"சினிமாவுக்கா? இவரா?" ஆன்டி அங்கிளைப் பார்த்தார். "மாதாவே! மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் குடுங்கன்னு ஆறு மாசமா இந்த மனுஷன்கிட்ட கத்தறேன். நாளைக்கு, நாளைக்குன்னாரு. கீச்சு கீச்சுன்னு என் உயிரே போவுது. அத ரெக்கார்டு பண்ணிட்டு இருந்திருக்காரு!"

அங்கிள் என்னைத்தான் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாசக் கடைசியில எங்க முப்பதாவது கல்யாண நாள் தம்பி. பூசை முடிஞ்சதும் சர்ச் ஹால்ல எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டலாம்னு இருந்தேன். இவளுக்காக ஒரு மியூசிக். ஆயுசு பூரா மத்தவங்க பாட்டத்தான் வாசிச்சேன். சொந்தமா போட்டது இது ஒண்ணுதான். கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. ரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கல்யாணம் போச்சு என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த மனுஷருடைய ஒரே ஒரு பாட்டை நான் ஊர் பூரா சில்லறையாக இறைத்துவிட்டேன் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆன்டி அங்கிளைப் பார்த்து, "முழுசா போடுங்க" என்றார்.

"இப்பவா?"

"பின்ன எப்ப? ஆட்டோக்காரன் கேட்டுட்டான், நான் கேக்கக்கூடாதா?"

அங்கிள் உள்ளே போய்ப் போட்டார். டம்... டம்... என்று ஆரம்பித்தது. ஊரையே கலக்கின அந்தப் பயங்கர இடம் வந்தது.

"இது என்னாங்க, பேய் வர்ற மாதிரி?"

"உங்கப்பா வர்ற இடம்" என்றார் அங்கிள் மெதுவாக. "பொண்ணு கேக்க வந்தப்ப பூட்ஸ் போட்டுட்டு உள்ள இருந்து நடந்து வந்தாரே... எனக்கு இன்னும் காதுல கேக்குது."

ஆன்டி ஒரு கணம் முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்தார் பாருங்கள், மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆமா ஆமா, அப்படித்தான் வருவாரு எங்கப்பா! டம், டம்!" என்று ஹாலில் நடந்தே காட்டினார். ரஷ்ய ராணுவம் என்று நாங்கள் கண்டுபிடித்தது ரயில்வே கார்டாக இருந்த ஆன்டியின் அப்பாவுடைய பூட்ஸ்.

பூட்ஸ் சத்தம் அடங்கினதும் இசை மாறியது. ஊதுகுழல்கள் விலகி, தையல் மெஷின் மட்டும் தனியாக ஓடியது. அதன் மேல் ஆர்கனில் சின்னதாக, எளிமையாக ஒரு மெட்டு. நான் பதிவு செய்யாமல் விட்ட பாகம் இதுதான். (செய்திருந்தாலும் எங்கள் கூட்டத்துக்கு இது புரிந்திருக்காது.)

"முப்பது வருஷமா இந்தச் சத்தத்துலதான் மத்தியானம் கண்ணசர்றேன்" என்றார் அங்கிள். "இது நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். நீ எழுந்து எங்க போனேன்னு தேடுவேன்."

ஆன்டி அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரீனா வெளிப்படையாகவே அழுதாள்.

கடைசியில் அங்கிள் கூச்சத்தோடு என் பக்கம் சாய்ந்தார். "அது சரி தம்பி, கேட்டவங்க என்னா சொன்னாங்க?"

போனைத் திறந்து படித்தேன். "'உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.' 'இந்த ஆள் மனுஷனே இல்ல.' 'இவர் கைக்கு முத்தம் குடுக்கணும்.'"

"அந்த மூணாவதை இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

ஆன்டி என்னிடம் திரும்பினார். "ஏம்ப்பா, அன்னிக்கு நீ எதுக்கு வந்தே?"

"ரீனாவைப் பொண்ணு கேக்க, ஆன்டி."

"கேட்டியா?"

"மறந்துட்டேன்."

ரீனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆன்டி என்னை மேலும் கீழும் அளவெடுக்கிற மாதிரி பார்த்தார். "ஒரு ரகசியத்தை ஒரு பஸ் ஸ்டாப்பு வரைக்கும்கூட தாங்க மாட்டேங்கறான். இவன் பொண்டாட்டிகிட்ட எதை மறைச்சிடப் போறான்? என்னாங்க, இவனையே பாருங்க" என்றார்.

மாசக் கடைசியில் அறிவிப்பு வந்தது. நாலாம் பாகத்துக்கும் அதே சின்னப் பையன்தான். படத்தின் இசை சுமார். "உங்க மாமனாரு போட்டதுதான் ஒரிஜினல் குரு" என்று மஞ்சு இன்றும் சாதிக்கிறான். டம்ளரில் இருந்தது சர்ச்தான் என்பதிலும் மாற்றமில்லை. என் கல்யாண ரிசப்ஷனில் நான் மேடை ஏறும்போது, அதற்குள் மாமாவாகிவிட்ட அங்கிள் அந்த பூட்ஸ் இசையைப் போட்டார். மூன்று படிதான், ஏற முடியாமல் கால் பின்னியது.

எங்கள் வீட்டில் இப்போது யார் எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் ஒரே பதில்தான். கேஸ் சிலிண்டர் மாத்தினியா என்று ரீனா கேட்டால், "மியூசிக் போட்டுட்டு இருக்கேன்" என்பேன். எங்கள் மகள்கூட ஹோம்வொர்க்குக்கு அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மெஷின் இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது, கீச்சென்று கத்திக்கொண்டு. மாமா திருந்திவிட்டார். ஒரு நாள் அவராகவே எண்ணெய் டப்பாவோடு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அத்தை ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "தொட்டா கையை ஒடிப்பேன்" என்றார்.