பின்வளவுக் குளமும் மூப்பர் ஐயாவின் சந்தேகமும்

கோப்பாய்,
வியாழக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பியாட்றிஸ் மாமிக்கு,

போன ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை நாங்கள் இருந்த வாங்கில் நிற்கவில்லை. முன் வாங்கில் நின்றது, பின் வாங்கிலும் நின்றது, எங்களைக் கண்டதும் மாட்டைக் கண்ட சைக்கிள் மாதிரி விலகிப் போனது. பையைக் கொண்டுவந்தவர் நம்முடைய சபையின் நதானியேல் மூப்பர். அப்பா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நான் யாருடைய முகத்தையும் நேரே பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன், அதனால் முதலில் கண்டது நான்தான்.

நீங்களும் மாமாவும் றயனும் அந்தக் குளிரிலும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே கர்த்தர் எங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறார், ஒரு குளத்தைத் தவிர. சுகம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறா, நான் பயத்தில் மாற்றி எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் கதைக்க எனக்கு நாக்கு எழும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். போன நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் எடுத்தபோது நான் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கோழிக்கூட்டின் மேல் வைத்துவிட்டுப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகையால் இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

இந்த வீடும் வளவும் உங்களுடைய சீதனம், நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள். அப்படியிருக்க, உங்களைக் கேளாமல் வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவில் ஒரு குளம் வெட்டிவிட்டோம். கேட்க வேண்டும் என்றுதான் அப்பா ஒவ்வொரு கிழமையும் உங்களோடு கதைக்கத் தொடங்குவார். முதலில் காலநிலையைக் கேட்பார். நீங்கள் பனியைப் பற்றிச் சொல்வீர்கள், அவர் வெயிலைப் பற்றிச் சொல்வார், பிறகு கடவுள் காப்பாற்றட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். நதானியேல் மூப்பரின் தங்கச்சி அங்கே உங்கள் சபைக்குத்தான் வருகிறா என்று நேற்றுத்தான் அறிந்தோம். அவ சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சபை மாறவில்லை, மாமி. ஒருவரும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தண்ணீர் விட்ட நாளிலிருந்து அந்தக் குளத்தில் ஒரு மனிதர் இறங்கவும் இல்லை, இறங்கப்போவதும் இல்லை.

தொடக்கம் இதுதான். றயனைக் குழந்தையில் குளிப்பாட்டிய பெரிய பேசினில் நான் ஒரு அல்லி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்குக் கோழிகளும் அதுவும்தான் வேலை. அது வளர்ந்து, இலை விரிக்க இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து கிடந்தது. போனில் ஒரு வீடியோவில் வெளிநாட்டு மனிதர் ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கத்தில் மாங்கொட்டை வடிவத்தில் ஒரு குளம் வெட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு பின்னேரத்தில் முடித்தார். அதை அப்பாவுக்குக் காட்டினேன். நான் ஒன்று கேட்பது அருமை என்பதால் அவர் உடனே ஓம் என்றார். ஆனால் மாங்கொட்டை வடிவம் பார்க்கிறவர்களுக்குப் பிழையாக வெட்டியது போலத் தெரியும் என்று பயந்து, கொடிக் கயிற்றைக் கழற்றி நான்கு முளை அடித்து, கோடு பிசகாத நீள்சதுரமாகக் குறித்தார். எங்கள் துன்பம் அந்த நான்கு மூலையில்தான் தொடங்கியது.

வெட்டுவதற்கு அடைக்கலநாதன் அண்ணை வந்தார். கிணறு இறைத்துத் துப்புரவாக்குகிறவர், நல்ல மனிதர், மருதனார்மடத்துப் பக்கம் ஒரு சபைக்குப் போகிறவர். அங்கே வயது வந்தவர்கள் வெள்ளை அங்கியோடு, படி வைத்த தொட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறங்கித்தான் ஞானஸ்நானம் எடுப்பார்கள், நம்முடைய சபையில் குழந்தையின் நெற்றியில் தெளிப்பதோடு சரி. இதெல்லாம் வேலைக்குக் கூப்பிடும்போது எங்களுக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை. மூன்றடி ஆழம் என்பது அப்பாவின் திட்டம். ஒன்றரை அடியில் கல் வந்து, ஆழம் அதோடு நின்றுவிட்டது. அலவாங்குக் கம்பியால் குத்தினால் நெருப்புப் பொறி வந்ததே தவிர கல் வரவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் பலகை பலகையாகக் கழன்று, ஒருவரும் கேளாமலே அழகான படிகளாக வந்து நின்றது. அப்பா படிகளைப் பார்த்து நல்ல சகுனம் என்று சொல்ல வந்து, நாங்கள் சகுனம் பார்ப்பதில்லை என்பது ஞாபகம் வந்து, நல்ல வேலை என்றார்.

பிறகு மோட்டரைப் போட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் குளம் காய்ந்து கிடந்தது, கிணற்றில் தண்ணீர் பழைய மட்டத்தில் நின்றது. நம்முடைய நிலத்துக் கல்லெல்லாம் ஓட்டை என்று எங்களுக்கு யோசனை வரவில்லை. அப்பா குளத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் நடந்து நடந்து பார்த்தார். அடைக்கலநாதன் அண்ணை மட்டும் கவலைப்படவில்லை.

"தண்ணி எங்கையும் போகேல்லை, தங்கச்சி. வந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கு."

அதனால் தண்ணீர் ஊறாமல் அடியில் பிளாஸ்ரிக் தறப்பாள் விரித்தோம். கடையில் நீலத் தறப்பாள்தான் இருந்தது. தண்ணீர் விட்டதும் குளம் முழுக்க அப்படியொரு நீலமாக, படத்தில் காட்டுகிற சுற்றுலா விடுதி போல வந்துவிட்டது. ஓரத்துக் கல் கறுப்பாக இருக்கிறதே என்று அப்பா மிஞ்சிக் கிடந்த வெள்ளைப் பெயின்ரை அடித்தார். யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று அம்மாவுக்கு நித்திரை வரவில்லை, ஆகையால் படிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் ஒரு கைபிடி போட்டோம். தேங்கின தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டுப் பெருகினால் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார் என்று நான் பயந்து, அதைத் தின்கிற கப்பி மீன் வாங்கி விட்டேன். சட்டியோடு அல்லியைக் கரையில் நின்றே கயிற்றில் கட்டி இறக்கினேன். பக்கத்து வீட்டு சிவசுப்பிரமணியம் மாமா மதிலால் எட்டிப் பார்த்து, கேணி வடிவாக வந்திருக்கிறது, எந்தச் சாமிக்கு என்று கேட்டார். அதையாவது நாங்கள் ஒரு எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம்.

போன சனிக்கிழமைதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உயிர்த்த ஞாயிறு நாடகத்தில் தேவதூதர்களாகப் போடுகிற நீளமான வெள்ளை அங்கிகள் அம்மாவின் பொறுப்பில் இருக்கின்றன. அம்மா அவற்றைத் தோய்த்தா. கொடிக் கயிற்றை அளவு எடுக்கக் கழற்றியது திருப்பிக் கட்டப்படவில்லை, அதனால் புதிய கைபிடியில் வரிசையாகக் காயப்போட்டா. அதே நேரம் அடைக்கலநாதன் அண்ணை வேலை முடிந்த சந்தோஷத்தில், ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறேன் என்றார். ஜெபம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது. அவர் படியின் மேல் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவு வரைக்கும் கேட்கிற குரலில், இந்தத் தண்ணீரை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஜெபித்தார். அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடித் தலை குனிந்து நின்றார்கள். எங்கள் வேலியில் போன மாரி மழைக்கு ஒரு தகரம் கழன்றதைச் சொல்லியிருந்தோம் அல்லவா. அந்த இடைவெளியில் ஒரு சைக்கிள் நின்றது. அங்கிகளை எப்போது எடுக்கலாம் என்று கேட்க வந்த நதானியேல் மூப்பர் அதில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். படியையும், நீலத் தண்ணீரையும், வெள்ளை அங்கிகளையும், உயர்த்திய கைகளையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்ததை நான் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நான் ஓடிப்போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் இன்னும் குனிந்து ஒளிந்துகொண்டேன்.

அப்பா கண்ணைத் திறந்து, அவரைக் கண்டு, உபசாரத்துக்காக உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். மூப்பர் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

"எனக்கு வேண்டாம், துரைராஜா. நான் பிள்ளையிலேயே எடுத்திட்டன்."

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். ஞாயிறு, பை நிற்கவில்லை. போதகர் ஐயா பிரசங்கத்தில், ஒருவருக்கு ஒரு ஞானஸ்நானம் போதும் என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார், சனம் முழுக்க எங்களைப் பார்த்தது. நேற்றுப் புதன்கிழமை எங்கள் வீட்டில் நடக்கிற மாதர் சங்கக் கூட்டத்துக்கு அம்மா கடலை அவித்து வைத்துக்கொண்டு இருந்தா, ஒருவரும் வரவில்லை, அடுத்த ஒழுங்கையில் அவர்கள் பாடுவது எங்களுக்குக் கேட்டது. அம்மா அந்தக் கடலையை மூன்று வேளையும் எங்களுக்கே தந்தா. அப்பா யாரிடமும் போய் விளக்கம் சொல்ல மாட்டார். சொல்லப் போனால் இன்னும் பிழையாகிப்போகும் என்கிறார், அது உண்மையும்தான். நாளை வெள்ளிக்கிழமை பின்னேரம் போதகர் ஐயாவும் மூப்பரும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா பயத்தில் சனிக்கிழமைக்கு ஒரு டிராக்டர் மண் சொல்லிவிட்டார்.

"மாமி அறியிறதுக்கு முன்னம் மூடிப்போடுவம், பிள்ளை. மூடினால் குளமே இல்லை, பிறகென்ன கதை?"

நான் எழும்பிக் குளக்கரைக்குப் போய்விட்டேன். ஆனால், மாமி, பேசினில் மடிந்து கிடந்த இலைகள் எல்லாம் இப்போது தட்டையாகத் தண்ணீரில் கிடக்கின்றன. முதல் பூ நேற்று விரிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் குசினி அடுப்படிக்குள் ஒளிக்கிற நான், கரையிலே இருந்தால் ஒழுங்கையால் போகிறவர்கள் கூப்பிட்டாலும் எழும்பி ஓடுவதில்லை. இவ்வளவு நீளமாக நான் ஒருவருக்கும் எழுதியதும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். போதகர் ஐயா உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்று அப்பா சொல்வார். நாளை பின்னேரத்துக்கு முன் அவருக்குப் போன் எடுத்து, அந்தக் குளம் நான் சொல்லி வெட்டியது, அல்லி வளர்க்கத்தான் என்று சொன்னால் போதும். அது பொய்யாகாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு நீங்கள் ஒருமுறை வெட்டு என்று சொன்னால் சொன்னதாகிவிடும். குளத்தை மூடச் சொல்லாதேங்கோ, மாமி. நீங்கள் வரும்போது விருப்பமில்லை என்றால் நானே மண்ணை அள்ளிப் போடுகிறேன்.

மாமாவின் முழங்கால் வலிக்கு நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம். றயனுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள், அவருடைய பேசின் பத்திரமாக இருக்கிறது. உங்கள் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் துணையாக இருப்பாராக.

பணிவுள்ள மருமகள்,
நிமலினி

பின்குறிப்பு: மாமி, போதகர் ஐயாவுக்குப் போன் எடுக்க வேண்டாம். சனிக்கிழமை மண்ணும் வராது. குளத்தில் ஒருவரும் இறங்கப்போவதில்லை என்று மேலே எழுதியதை வெட்டலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கடைசித் தாளைப் படம் எடுக்க முன்னமே வாசல் படலையில் சத்தம் கேட்டது. நாளைக்கு வர வேண்டியவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள். அம்மா தேத்தண்ணி போட ஓடினா. அப்பா அவர்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், நான் கரையில் அகப்பட்டுவிட்டேன், குசினிக்குப் போகிற வழியில் மூப்பர் நின்றார். போதகர் ஐயா நல்ல தன்மையாக, இது எவ்வளவு ஆழம் என்று கேட்டார். அப்பா பயத்தில் வெட்டிய அளவை மறந்து திட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டார்.

"மூண்டடி, ஐயா."

"மூண்டடி காணும், முழுக்குக்கு," என்றார் மூப்பர்.

ஒன்றரை அடிதான் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு செருப்போடு படியில் இறங்கினேன், நின்று காட்டினால் முழங்காலுக்குக் கீழேதான் வரும், சொல்லத் தேவையில்லை என்று நினைத்து. தறப்பாளில் பாசி பிடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு காலும் முன்னுக்குப் போக, நான் மல்லாக்காக விழுந்து, தலை முதல் கால் வரை ஒரு மயிர் மிச்சமில்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டேன். எழும்பியபோது மூன்று பேரும் கரையோரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூப்பர் மட்டும், பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டார்.

"இது கணக்கில்லை, ஐயா," என்றேன் நான். "வழுக்கினது."

அது என் குரல்தான், மாமி, சிவசுப்பிரமணியம் மாமா வீட்டுக்கும் கேட்டதாம். போதகர் ஐயா என் பாவாடையில் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கைபிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. துரைராஜா, உதிலை ஒரு கோழிக்கும் முழுக்குக் குடுக்க ஏலாது, இதை மூடினால் நான் உன்னோடை கதைக்க மாட்டன் என்று சிரிப்புக்குள்ளே சொன்னார். மூப்பர் சிரிக்கவில்லை. மூன்றடியாகத்தான் இருக்கும், பிள்ளை முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்குது என்றார். நான் கண்ணில் விழுந்த மயிரை ஒதுக்கி, ஒரு அடி முன்னுக்கு வைத்து, "நீங்களும் இறங்கிப் பாருங்கோ, மூப்பர் ஐயா," என்று சொல்லி அவருக்குக் கை நீட்டினேன்.