திருட விடாத கஞ்சன்

மதிப்பிற்குரிய சித்திக்கு, உங்கள் அக்கா மகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். சித்தப்பா நலமா என்பதுதான் கேள்வி. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேப்பரில் எழுதுகிறேன். தப்பாக எழுதினால் டெலிட் கூடப் பண்ண முடியவில்லை. அந்தக் கஷ்டத்துக்காகவாவது மனமிரங்கி வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

சித்தப்பாவைக் கஞ்சனாக நடிக்க வைத்து நான் போடும் நாடகம் என்னவோ சுலபமானதுதான் சித்தி. அந்தக் காலத்து மேடைக் காமெடி. ஒரு கஞ்சன், ஒரு பெட்டி நிறையத் தங்கம். ரெண்டாவது காட்சியில திருடன் அதைத் தூக்கிட்டுப் போகணும், கஞ்சனுக்குப் பைத்தியம் பிடிக்கணும், அந்தக் கலாட்டாவுல அவன் மகள் காதலிச்சவனையே கட்டிக்கணும். எந்த நடிப்பு வீடியோவைப் பார்த்தாலும் 'கேரக்டராவே வாழு'ன்னு சொல்றாங்களேன்னு, டைரக்டர்ங்கற முறையில நான் பெட்டியை சித்தப்பாகிட்ட கொடுத்து, "ஒரு வாரம் வீட்டுல வெச்சுக்குங்க"ன்னேன். உள்ள இருக்கறது வெறும் ஜல்லி. அள்ளிப் போட்டதே அவர்தான்! அப்படியும் மனுஷன் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, பல்பையெல்லாம் கழட்டி வெச்சு, நீங்க கோவிச்சுக்கிட்டு மாமா வீட்டுக்குக் கிளம்பினப்ப, "கையில இருக்கறது யார் பெட்டி?"ன்னு கேட்டாராமே!

அதுலேருந்து ஒத்திகையில திருட்டே நடக்க மாட்டேங்குது. திருடனா நடிக்கிற பல் டாக்டர் பதுங்கிப் பதுங்கி வந்து பெட்டியில கை வெச்சா, சித்தப்பா வெடுக்குனு அந்தக் கையைக் கடிச்சுட்டார். அதுவும் அந்த டாக்டர் கட்டிக் கொடுத்த பல்லாலேயே! "யோவ், கடிக்கிறதெல்லாம் நாடகத்துல இல்லய்யா!"ன்னு அவர் கத்த, "திருட வந்த இடத்துல ரூல்ஸ் பேசறியா நீ?"ன்னு இவர் எகிற, மகளா நடிக்கிற தையல்கார அக்கா, பாவம், "அப்பா, அது திருடு போனாத்தான் எனக்குக் கல்யாணம், கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்"னு கெஞ்சினாங்க. "உனக்குத்தான் வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கே, இன்னும் எதுக்கும்மா கல்யாணச் செலவு?"ன்னுட்டார். பைத்தியம் பிடிக்கிற சீன் வர்றதுக்கு முன்னாடியே முத்திப்போனவரை வெச்சுக்கிட்டு நான் எதை டைரக்ட் பண்றது?

தொண்டை போச்சு, தூக்கம் போச்சு, சனிக்கிழமை நாடகம். நேத்து வீட்டுக்குப் போனா, சாப்பிடாம பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கார். "சித்தி இல்லாம வீடு எப்படி இருக்கு சித்தப்பா?"ன்னேன். "சத்தமே இல்லடா"ன்னார். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு சித்தி. ஆனா கை மட்டும் பெட்டியை விடலை. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவார். முடியல சித்தி, வந்துடுங்க.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கங்கள். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
நொந்துபோன உங்கள் மகன்

பின்குறிப்பு: சித்தி, வராதீங்க! ஒத்திகையில டாக்டர் கடி வாங்கின வீடியோவை நெட்டுல சும்மா போட்டேன், ஊரே பார்த்துட்டு இருக்கு. டிக்கெட்டெல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு, அடுத்த வாரமும் போடச் சொல்றாங்க. பல் டாக்டருக்குத் தடிமனா கையுறை வாங்கிட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் தெளிஞ்சுடக் கூடாது. கொஞ்ச நாளைக்கு அங்கேயே கோவமா இருங்க. அவரே போன் பண்ணினாலும், தயவுசெஞ்சு அன்பா மட்டும் பேசிடாதீங்க.