எருதுகள் கேட்ட பாட்டு

பாட்டுக் கட்டுகிறவனுக்குத் தன் பாட்டைவிட, அதைக் கேட்டுப் பிறர் கண் கலங்குவதுதான் பிடிக்கும். நான் அப்படிப்பட்டவன். ஆனால் என் பாட்டுக்கு உடனே கட்டுப்பட்டவர்கள் இதுவரை இருவர்தான். இருவரும் எருதுகள்.

புதுச்சத்திரம் பக்கத்தில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, என் மகள் பாவாயிக்கு ஒன்பது வயது. நாமக்கல்லில் நடக்கவிருந்த விவசாயக் கண்காட்சிக்கு உழவர் பாட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். நான் எழுதுவது, பாவாயி பாடுவது என்று நானே முடிவு செய்தேன். (அவளைக் கேட்கவில்லை. அப்போதெல்லாம் பிள்ளைகளை யார் கேட்டார்கள்?)

எனக்குப் பாட்டு என்றால் பென்சிலும் காகிதமும். விரல்விட்டு அசை எண்ணித்தான் எழுதுவேன். எங்கள் பள்ளியின் இன்னோர் ஆசிரியர் ஆர்மோனியக்காரர். கட்டைகளைத் தடவித் தடவி முதலில் மெட்டைப் பிடிப்பார். பிறகு அதற்குள் சொற்களைத் திணிப்பார். ஒரு வாரம் சண்டை போட்டோம். அவர் என் சொல்லை வெட்டச் சொல்வார், நான் அவர் சுரத்தை. கடைசியில் இரண்டாம் அடியின் நடுவில் நீளமாக ஒரு 'ஓ...' வைத்துச் சமாதானமானோம். அதுதான் உருக்கமான இடம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

என் மனைவியின் அண்ணன் நல்லப்பனும் பாட்டுக் கட்டுகிறவர்தான். நாங்கள்தான் அதைப் பாட்டு என்று எண்ணவில்லை. அவர் கவலை ஓட்டுவார், அதாவது எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பார். கிணற்றுமேட்டிலிருந்து எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால், அதில் கட்டிய சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். ஓட்டுகிறவர் அந்த வடத்தின்மீதே உட்கார்ந்து இறங்குவார். சரிவின் அடியில் எருதுகள் நின்று, பின்னோக்கி நடந்து மேட்டுக்குத் திரும்பும். இவ்வளவு நேரமும் நல்லப்பன் வாய் பாடிக்கொண்டிருக்கும். வாயில் வந்ததுதான் சொல். முந்தின நாள் குழம்பில் உப்பு கூடிப்போனதுகூட வரும். மறுநாள் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

உழவர் பாட்டை உழவர் வேலையிலேயே பாடிப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை பாவாயியுடன் அவர் தோட்டத்துக்குப் போனேன்.

"ஏனுங்க மாப்ள, உங்களுக்குக் கவலை ஓட்ட வருமுங்களா?"

சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். "நடப்பது மாடுதானே மச்சான்?" என்றேன்.

"அதுஞ் செரிதானுங்க" என்று சிரித்துவிட்டு, பாத்தியில் தண்ணீர் திருப்பப் போனார்.

முதல் நடை ஒழுங்காக முடிந்தது. (நாங்கள் இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை.) சரிவின் அடியை எட்டியதும் பாத்தியிலிருந்து நல்லப்பனே நீளமாக ஒரு குரல் கொடுத்தார், எருதுகள் பின்வாங்கி ஏறின. என்ன குரல் என்று நான் கவனிக்கவில்லை. மனத்துக்குள் என் இரண்டாம் அடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நடையில் அப்பாவும் மகளும் வடத்தில் உட்கார்ந்து பாடினோம். பாதிச் சரிவில், உருக்கமான இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்: "ஓ...!"

எருதுகள் நின்றன. பிறகு, மிகவும் பணிவாக, பின்னோக்கி நடக்க ஆரம்பித்தன.

வடம் சட்டெனப் பின்னால் நழுவியது. நான் ஒரு பக்கம் விழுந்தேன். பாவாயி நடுவில், எருதுகளின் பின்னங்கால்களுக்கு நேராக விழுந்தாள். நிறைந்த சால் கிணற்றுக்குள் இறங்க, அதன் பாரம் எருதுகளை இன்னும் வேகமாகப் பின்னால் இழுத்தது. விழுந்த இடத்தில் கிடந்தபடியே வகுப்பில் கத்துவதுபோல "அமைதி!" என்று கத்தினேன். எருதுகளிடம்!

நல்லப்பன் ஓடிவந்திருந்தாலும் எட்டியிருக்காது. அவர் ஓடவில்லை. பாத்தியில் நின்றபடியே பாடினார்:

"எறங்கு சாமி எறங்கு, எள்ளுப் புண்ணாக்கு தாரேன்..."

தூக்கிய குளம்பு அவள் பாவாடை ஓரத்தில் நின்றது. எருதுகள் முன்னால் சாய்ந்து இறங்கின. பாவாயி உருண்டு வெளியே வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நல்லப்பன் வந்தார். 

"நடுவுல எதுக்குங்க மாப்ள ஓன்னு இழுத்தீங்க? அது பின்னால வரச் சொல்றதில்லீங்களா?"

"அங்கே... உருக்கமா இருக்கட்டும்னு..."

"மாடு ரெண்டும் நல்லா உருகிப்போச்சுங்க."

பாவாயி கண்காட்சிக்குப் போகவில்லை. பாட்டும் போகவில்லை. அதன்பிறகு பென்சிலை எடுக்கும்போதெல்லாம், இதை யார் எங்கே நின்று கேட்பார்கள் என்றுதான் முதலில் பயம் வருகிறது. எழுதியது குறைந்துபோனதற்கு அதுதான் காரணம். (தமிழுக்கு நட்டமில்லை.)

இப்போது பாவாயிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. போன மாதம் எருமப்பட்டியில் ஒரு விசேஷத்துக்கு நல்லப்பனின் மாட்டு வண்டியில் போனோம். என்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன்.

"மாமா, வண்டியை நிறுத்துங்க" என்றாள் பாவாயி. இறங்கி ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். "நீங்க பாடி முடிங்கப்பா, அப்பறம் ஏறிக்கறேன்."

நல்லப்பன் சிரித்ததில் தலைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் மறுபடி ஏறி என் பக்கத்தில் உட்காரும்வரை, எருதுகளின் பின்னங்கால்களிலிருந்து என் கண் அகலவில்லை.